துணைக்கு ஒரு ஆள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் துணையம்மா. வாசல் காவலாளி முதல் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அவள் வேலை பார்க்கிற கடையின் சம்பளப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

துணைக்கு இருப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற சிகிச்சை எதுவானாலும் நோயாளியோடு ஒரு ஆள் வர வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. காலையில் கூட வந்து உட்கார வேண்டும், கண் விழிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், மாலையில் கையெழுத்துப் போட்டு வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும். ஆள் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. இத்தனை பெரிய ஊரில் எத்தனை பேருக்கு ஒரு ஆள்கூட இல்லை என்பது அந்த விதி வந்த பிறகுதான் தெரிந்தது. அவர்களுக்கு ஆள் கொடுப்பதற்கென்று ஒன்பது பேர் கொண்ட ஒரு சின்னக் குழு உண்டு. துணையம்மா அதில் பதினோரு வருடமாக இருக்கிறாள்.

வயிற்றுப்பாட்டுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை மெஷினில் வைத்து ஃபிரேமுக்குத் தக்கபடி ஓரம் தேய்த்து, பொருத்தி, திருகு முடுக்கி, போடுகிறவர் காது வளைவுக்கு ஏற்ப வளைத்துக் கொடுப்பதுவரை எல்லாம் அவள் கைதான். சேவைக்கு வந்ததும் இந்தக் கடை வழியாகத்தான். ஒருநாள் கண் ஆபரேஷன் முடிந்த ஒரு பெண்மணிக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த அம்மா உடை மாற்றி, பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட்டிப்போக யாரும் வராததால் விடமாட்டோம் என்கிறார்களாம். இவள் போய், "நான்தான் இவங்க தங்கச்சி" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் சகோதரி என்று எழுதி, அந்த அம்மாவை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். கடைக்குத் திரும்பியபோது முதலாளி வாசலிலேயே நின்றுகொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அன்றைக்குப் பிடித்தது. வாரத்துக்கு ஒருநாள் என்று தொடங்கி இரண்டு நாளாகி, இடையில் யாராவது வராமல் போனால் மூன்றாகிவிடும். அத்தனைக்கும் முதலாளி லீவு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கொடுக்கும்போதெல்லாம் அரைமணி நேரம் புலம்புவார். "நீ பண்றது சேவை. உன்னை அனுப்பிட்டு நான் இங்க தனியா மாரடிக்கிறேன் பாரு, அதுக்குப் பேர் என்ன?" என்பார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

காலில் சக்கரம் கட்டியவர்களுக்குக் காலண்டர் இல்லாமல் பிழைப்பு நடக்காது. அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒன்று தொங்கியது. ஆஸ்பத்திரி நாட்களைப் பேனாவால் எழுதுவாள். கடையில் சரக்கு வருகிற நாள், கணக்கெடுப்பு நாள், அதுவும் பேனாதான். வீட்டு விஷயங்களை மட்டும் பென்சிலால் எழுதுவாள், தேவைப்பட்டால் தள்ளிப்போடலாமே என்று. அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. வீட்டுக்காரர் எங்கே ஓடிவிடப் போகிறார்?

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசாத மனுஷர். இருட்டுக் குழிக்குள் இறங்கி நின்று, மேலே இருப்பவன் ஸ்விட்ச் போடும்வரை பொறுமையாகக் காத்திருந்து பழகியவர். அந்தப் பொறுமையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒரே மகள் கைக்குழந்தையோடு தூர ஊரில் இருந்தாள். ஆக வீட்டில் இவர்கள் இருவர்தான், அதிலும் பெரும்பாலான மாலைகளில் அவர் மட்டும்தான். அவருடைய கண்ணாடியில் காதில் மாட்டுகிற இடது காம்பின் திருகு விழுந்து ஏழு மாதமாகிறது. "நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டுப் போறேங்க" என்று அவள் சொல்லி ஏழு மாதமாகிறது. அவர் அந்த இடத்தில் கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மாட்டித் திரிந்தார். குனிந்தால் கண்ணாடி ஒருபக்கமாகச் சாயும். ஊருக்கெல்லாம் கண்ணாடி முடுக்குகிறவள் புருஷன் இப்படித் திரியலாமா என்று கேட்டால் கேட்டவர்மேல் தப்பில்லை.

அவருக்குக் குடலிறக்கம். கனமான இரும்பைத் தூக்கித் தூக்கி வந்தது. ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். அவளும் காலண்டரில் எழுதி வைத்திருந்தாள். பென்சிலால்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்து சேர்ந்தார். எழுபது வயது, மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, பித்தப்பையில் கல். மூன்று வாரம் முன்பு அவருக்கு ஆபரேஷன் நடந்திருக்க வேண்டியது. துணைக்கு வருவதாகச் சொன்ன குழு ஆள் கடைசி நேரத்தில் தன் வேலையை வேறொருவர் தலையில் கட்ட, அந்த வேறொருவர் கிழமையை மாற்றி நினைத்துக்கொள்ள, டிரைவர் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் வீடு திரும்பினார். அன்றைக்கு துணையம்மா கூட்டம் போட்டு ஒரு விதி செய்தாள். வர்றேன் என்று சொன்னவர்தான் வர வேண்டும், ஆள் மாற்றக் கூடாது. டிரைவரை அவளே ஏற்றுக்கொண்டாள். புதுத் தேதி, வருகிற செவ்வாய்.

டிரைவருக்கு நம்பிக்கை வரவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் செய்வார். "செவ்வாய்க்கிழமை வந்துருவீங்கள்ல?" அவளும் சலிக்காமல் பதில் சொல்வாள். போன வியாழக்கிழமை அப்படித்தான் சமையலறையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. செவ்வாய்க்கிழமை வானமே இடிஞ்சு விழுந்தாலும் நான் வருவேன். எங்க வீட்டுல என்ன நடந்தாலும் சரி, வருவேன். போதுமா?"

அந்த நேரத்தில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் வீட்டுக்காரர். சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் தேதியைக் கைவிட்டதால் இவர் ஆபரேஷனை முன்னால் இழுத்துவிட்டார்கள், செவ்வாய்க்கிழமைக்கு. அதைச் சொல்லத்தான் அவர் வேகமாக வந்திருந்தார். 'எங்க வீட்டுல என்ன நடந்தாலும் சரி' என்பதைக் கேட்டதும் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டார். டீ இருக்கா என்று மட்டும் கேட்டார். இதெல்லாம் அவளுக்குப் பிற்பாடு தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் குழுவுக்கு வந்த சீட்டுகளைப் பிரித்து ஆள் போடுவது துணையம்மாவின் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு தகரப் பெட்டி. சீட்டில் பேர் இருக்காது. ஆள் பார்த்து, இனம் பார்த்து யாரும் துணையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று பேரில்லாமல் வைத்திருந்தார்கள். வயது, சிகிச்சை, நாள், ஆள் இல்லாத காரணம், அவ்வளவுதான். பதினான்கு சீட்டுகளில் பதின்மூன்றுக்கு ஆள் போட்டாயிற்று. கடைசிச் சீட்டைப் பிரித்தாள்.

வயது ஐம்பத்தாறு. செவ்வாய். கையெழுத்து கட்டம் கட்டமாக, தனித்தனி எழுத்தாக, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேல் வைத்து அடித்த கோடு. லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையை இப்படித்தான் நிரப்புவார்கள். சிகிச்சை என்ற இடத்தில், 'கோளாறு: குடலிறக்கம்' என்று எழுதியிருந்தது. உலகத்திலேயே தன் உடம்பைக் கோளாறு என்று எழுதுகிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும். அவள் கண் கீழே போயிற்று. 'உடன் வர ஆள் இல்லாத காரணம்' என்ற கேள்விக்கு எதிரே, கொஞ்சமும் கோபமில்லாத கையெழுத்தில் இருந்தது: 'மனைவி துணைக்குப் போகிறார்.'

அவளுக்குச் சுருக்கென்றது. முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு அந்த வரியை இன்னொருமுறை படித்தாள். செவ்வாய்க்குக் குழுவில் யாருமில்லை, ஒன்பது பேருக்கும் வேலை இருந்தது. ஆள் கிடைக்காத சீட்டின்மேல் போடுவதற்கென்று ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. 'ஆள் இல்லை. தேதி மாற்றவும்.' அது மேஜையில் மைப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. பதினோரு வருடத்தில் யார் யாருக்கோ அதைக் குத்தியிருக்கிறாள். அன்றைக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது. சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். சீட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"என்னங்க இது?"

"ஏன், எதையாவது நிரப்பாம விட்டுட்டேனா?"

"கிண்டலா பண்றீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ அந்தப் பெரியவருக்கு வாக்கு கொடுத்துக்கிட்டு இருந்த. அவர் ஏற்கெனவே ஒருதடவை ஏமாந்தவர், பாவம். நான் குறுக்க வந்தா உனக்குத்தான் சங்கடம். ஆள் இல்லாதவங்களுக்கு ஆள் கொடுக்கிற இடம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். போய் எழுதிப் போட்டேன்."

"நீங்க ஆள் இல்லாதவரா?"

அவர் ஒரு சட்டையை மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். கோபித்திருந்தால் அவளும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பாள், சண்டை போட்டு முடித்திருக்கலாம். இந்த மனுஷர் அதற்கும் வழி வைக்கவில்லை.

அவள் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். டிரைவர் ஐந்தாவது மாடி, இவர் மூன்றாவது மாடி. இருவருக்கும் காலை எட்டு மணி. இவரை உள்ளே அனுப்பிவிட்டு மேலே போய், அவரைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, கண் விழிக்கிற நேரத்துக்கு...

"ரெண்டு மாடிதாங்க. லிஃப்ட்ல ஏறி இறங்கினா ஆச்சு. ரெண்டு பேரையும் நானே பார்த்துக்கிறேன்."

"அந்த லிஃப்ட்டையா நம்புற? அதை சர்வீஸ் பண்றதே நான்தான். செவ்வாய்க்கிழமை அது நின்னுச்சுன்னா வந்து எடுத்துவிட நான் வரமுடியாது பாரு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவர், தன் முறைக்காக வரிசையில் நின்று சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார். நானெல்லாம் என்ன மனுஷி என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஓடி ஓடிப் பார்த்துக்கொள்வது துணை இல்லை, அது அவளுக்கே நன்றாகத் தெரியும். கண் விழிக்கும்போது தெரிகிற முகம் ஒன்றுதான் இருக்க முடியும். காகிதத்தைக் கசக்கிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதலாளி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"செவ்வாய் லீவுதானே? அதான் போன வாரமே கேட்டுட்டியே," என்றார் அவர், பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு.

"லீவு இல்லண்ணே. நீங்க வரணும்."

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி குதித்தார். கடையை யார் பார்ப்பது, எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது, ரத்தத்தைப் பார்த்தால் நானே படுத்துவிடுவேன், அப்புறம் எனக்கு ஒரு ஆள் தேட வேண்டியிருக்கும் என்று அடுக்கினார். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் புலம்பி முடிய அரைமணி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவரே நிறுத்தினார்.

"உன் வீட்டுக்காரன் சீட்டு எழுதிப் போட்டானா? நிஜமாவா?"

"ஆமாண்ணே."

"பதினோரு வருஷமா உன்னை அனுப்பிவிட்ட பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு," என்றார் முதலாளி. "எத்தனை மணிக்கு வரணும்?"

அன்று மாலை அவளும் முதலாளியும் டிரைவர் வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை அறை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. செவ்வாய்க்கிழமைக்கான பையை அவர் இப்போதே கட்டி நாற்காலியில் வைத்திருந்தார். துணையம்மா அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே எப்படியோ சொல்லி முடித்தாள். தன் விதியைத் தானே மீறுகிறேன் என்பதையும் சொன்னாள்.

டிரைவர் முகம் தொங்கிப்போயிற்று. "நீங்கதானே வர்றேன்னீங்க. வானமே இடிஞ்சாலும்னீங்க."

"சொன்னேன் ஐயா. அப்ப எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் அன்னைக்கேதான் ஆபரேஷன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

"கட்டின பொண்டாட்டிக்கே தெரியாமயா?"

அது அவளுக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. "ஆமாங்க ஐயா. தெரியாமத்தான்," என்றாள். தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னித்தேன் என்றோ, போய் வாருங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. கடைசியில் முதலாளியை மேலும் கீழும் பார்த்து, "இவர் நேரத்துக்கு வர்ற ஆள்தானா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமா கடை ஒன்பது மணிக்குத் திறக்குது. ஒன்பது அஞ்சு ஆனதில்ல," என்றார் முதலாளி ரோஷத்தோடு.

"வண்டி?"

"ஓட்டுவேன்."

"மெதுவா ஓட்டணும். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன்," என்றார் டிரைவர். அதுதான் சம்மதம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் வெளியே வந்து படியிறங்கும்போது மனசு லேசாகவில்லை. ஒருவருக்குக் கொடுத்ததை எடுத்துத்தான் இன்னொருவருக்குக் கொடுக்கிறோம் என்பதை இத்தனை நாள் அவள் காலண்டர் காட்டிக்கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது மாடியில் நர்ஸ் அவளைப் பார்த்துப் பழக்கப்படி சிரித்தாள். "வாங்க துணையம்மா. இன்னைக்கு இவரா?"

"இன்னைக்கு இவர்தான்."

தள்ளுவண்டியில் படுத்தபடி வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். நூல் சுற்றிய காம்பு அவள் கையில் இடித்தது. கண்ணாடி இல்லாத அந்த முகத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் தழும்பு ஒரே அளவில் இல்லை, இடது பக்கம் ஆழமாக இருந்தது. ஏழு மாதம் சாய்ந்தே கிடந்த அடையாளம். தெருவில் போகிறவர் முகத்தில் அதைப் பார்த்தால் கூப்பிட்டு உட்கார வைத்துச் சரிசெய்து அனுப்புகிறவள் அவள்.

"பயமா இருக்காங்க?"

"நீ பக்கத்துல இருப்பல்ல, முழிக்கும்போது?"

இதே கேள்வியை நூற்றுக்கணக்கான பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் அவளிடம் ஒரு தேய்ந்த பதில் உண்டு. அதைச் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கதவுக்குள் போகும்வரை விடவில்லை.

இரண்டு மணி நேரம். பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைத் துழாவினாள். சின்ன திருப்புளியும், பேப்பரில் மடித்த திருகுகளும் எப்போதும் பையிலேயேதான் கிடந்தன. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். திருகைப் பொருத்தி முடுக்கினாள், காம்பை நிமிர்த்தினாள், துணியால் லென்ஸைத் துடைத்தாள். மொத்தம் நான்கு நிமிட வேலை. ஏழு மாதம் நேரமில்லாமல் போனது இந்த நான்கு நிமிடத்துக்குத்தான். அவள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே மீதி நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

அவர் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது அவள் முகம்தான். கண்ணாடியில்லாமல் மங்கலாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் ஆளைக் கண்டுகொண்டு கண்ணை மறுபடி நிம்மதியாக மூடினார். மதியத்துக்கு மேல் முதலாளியிடமிருந்து போன் வந்தது. டிரைவருக்கு நல்லபடியாக முடிந்துவிட்டதாம். ரத்தம் எதையும் பார்க்கவில்லையாம். "மனுஷன் முழிச்சதும் என்ன கேட்டார் தெரியுமா? வண்டியை எங்க நிறுத்தியிருக்கன்னு கேட்டார். காலைல வர்ற வழியெல்லாம் கியர் மாத்து, ஹாரன் அடின்னு உயிரை எடுத்துட்டார். திரும்பவும் நான்தான் கொண்டுபோய் விடணுமாம், நீ வேணாமாம்." கடைசி வாக்கியத்தில் முதலாளி குரலில் ஒரு பெருமை இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வேணாமாம் என்றது கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மாலை அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலையை இடதுபக்கம் ஆட்டினார், வலதுபக்கம் ஆட்டினார். "சாயவே இல்லையே," என்றார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். கூட்டிப்போகிறவர் பெயர், உறவு, கையெழுத்து. கண்ணை மூடிக்கொண்டு நிரப்பக்கூடிய கட்டங்கள் அவை. அவள் விறுவிறுவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணாடிதான் இப்போது நேராக இருக்கிறதே, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"உறவுன்னு இருக்கிற இடத்துல என்ன எழுதியிருக்க?"

அவள் பார்த்தாள். 'தன்னார்வலர்' என்று எழுதியிருந்தாள்.

வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கி, தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காத," என்றார். நர்ஸும் சிரித்தாள். துணையம்மாவால் சிரிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்குத் தங்கை என்று கூசாமல் எழுதிய கை இது. சொந்தப் புருஷனுக்கு வந்தபோது உறவு மறந்துபோயிற்று. அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'மனைவி' என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

"அடிச்சு எழுதினா பக்கத்துல இன்னொரு கையெழுத்து போடணும்," என்றாள் நர்ஸ். "விதி அப்படி."

போட்டாள்.

"பத்து நாள் கழிச்சுத் தையல் பிரிக்க வரணும். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி," என்றாள் நர்ஸ்.

"அன்னைக்கு உனக்கு..." என்று ஆரம்பித்தார் அவர்.

அவள் உள்ளங்கையை விரித்து, வெள்ளி, ஒன்பது மணி என்று அதிலேயே எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரர் புதுசாக நிமிர்ந்த கண்ணாடி வழியே குனிந்து, அவள் கையையும் கையிலிருந்ததையும் உற்றுப் பார்த்தார்.

"பேனாவா?" என்று கேட்டார்.

"பேனாதாங்க," என்றாள்.